கண்டிகை மேட்டில் விழாத கியர்

1944, மாசி மாதக் கிருத்திகை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து குளித்து, முந்தின நாளின் டைரிக் குறிப்பை எழுதி முடித்தேன். பிறகு லாரியின் பின்புறக் கரி அடுப்பில் சாம்பலைத் தட்டி, புதுக் கரி போட்டு, விசிறியைச் சுற்றினேன். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத காலம். லாரிகள் கரி வாயுவில் ஓடின. எங்கள் டிரைவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால், நாற்பத்திரண்டு வயதில் நானே ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். கற்றுக்கொடுத்தவன் என் மனைவியின் தம்பி.

அம்மையார்குப்பத்தில் சேலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திருத்தணி ரயிலடிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் திருத்தணி மலை முருகனுக்குப் போகும் காவடிக் கூட்டம். கண்டிகை தாண்டி ஒரு மேட்டில் வண்டி இளைத்தது.

"பாவா, கிளட்ச ரெண்டு வாட்டி மிதிச்சி கியர எறக்குங்க," என்றான் மைத்துனன்.

ஒருமுறை மிதித்துக் கியரை விடுவித்தேன். மறுமுறை மிதித்தபோது கீழ்க் கியர் விழவில்லை. பற்கள் கறகறவென்று அரைத்தன. லாரி நின்றது, பிறகு பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக்கின் மேல் ஏறியே நின்றேன், பிடிக்கவில்லை. ஹாரன் சத்தம் காவடிக்காரர்களின் பம்பை மேளத்தில் அமுங்கிவிட்டது. தலையை நீட்டிப் பார்த்தால் பின்னால் மஞ்சள் துணிக் கூட்டம், நடுவே குழந்தைகள்.

மைத்துனன் குதித்து, சக்கரத்துக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தான். சரளையில் அது வழுக்கிப் போயிற்று. அப்போது கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் தலைமூட்டையை அப்படியே சக்கரத்தடியில் தள்ளினார். சாக்கு கிழிந்து உப்பு நொறுங்கியது. வண்டி ஒரு கணம் தயங்கியது. அதற்குள் அவன் கட்டையை மறுபடி செருகிவிட்டான்.

வண்டியை விட்டு இறங்கினேன்.

"இன்னாங்க, மொகம் வெளுத்துப் போச்சி? ஒங்க வண்டி உப்பு துன்னுட்ச்சி. இனிமேலாவது ரோசமா மேடு ஏறுதா பாப்போம்," என்றார் அந்த அம்மாள்.

"மலைக்கு வேண்டிக்கின உப்பாம்மா?" என்று கேட்டேன்.

"ஆங். எம் பொண்ணுக்கு நடை வரணும்னு வேண்டிக்கினேன். தோ, ஒங்க வண்டிக்குப் பின்னாடிதான் நடந்து வந்துகினு இருந்தா."

மண் படாத உப்பை முந்தானையில் அள்ளிக்கொண்டு, பெண்ணின் கையைப் பிடித்தபடி அவர் போய்விட்டார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அதுவரை முன்னால் கிடந்த சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினேன்; இன்றும் எந்த மேட்டில் ஏறினாலும், பின்னால் யார் நடந்து வருகிறார்கள் என்றுதான் முதலில் தலையை நீட்டிப் பார்க்கிறேன். மறுநாள் காலை முதல் வேலையாக, ஆள் நடமாட்டம் தொடங்குமுன், காலி லாரியை அதே மேட்டுக்குக் கொண்டுபோய், கியர் சத்தமில்லாமல் விழும்வரை திரும்பத் திரும்ப ஏற்றினேன்.