குடத்திலிருந்து வந்த அண்ணன் பெயர்

எங்கள் ஊரில் எந்த விவசாயியை விசாரிக்க வேண்டும் என்று பெரிய படிப்புப் படித்தவர்களுக்கே சொல்லிக் கொடுத்தவன் நான். பொய். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத நான், சின்ன விவசாயிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்த ஒரு அம்மாவுக்குக் குடை பிடித்தேன், வீடு காட்டினேன், அவ்வளவுதான். எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் தங்கி, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் தினமும் எங்கள் ஊருக்கு வருவார். இரண்டு ஏக்கருக்குக் குறைவாக நிலம் உள்ள எல்லாருடைய பெயரையும் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, பதினைந்து சீட்டு எடுத்தார். அந்தப் பதினைந்து பேர்தான் மொத்த ஊருக்கும் சாட்சி. குடத்துக்குள் போய்விட்டால் பெரிய மீசையும் இல்லை, சின்ன மீசையும் இல்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, நாலாவது சீட்டு வரும்வரை.

நாலாவது, என் அண்ணன். இருவருக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்ற சண்டையில் பேச்சு நின்றுபோயிருந்தது. மோட்டார் கொட்டகைச் சாவி அவர் இடுப்பில், ஃபியூஸ் கட்டை என்னிடம். இரண்டு பேர் வேர்க்கடலைப் பயிரும், எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, வெயிலில் காய, இரண்டு புத்திசாலிகளும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அவரு ஊர்ல இல்லீங்கம்மா. பக்கத்து வூடு எம் மாமனாரு. நல்லா பயிர் வெப்பாரு, காபியும் குடுப்பாரு" என்றேன்.

"உங்களுக்குப் புடிச்சவங்களையே கேட்டா, அது ஊர்க் கணக்கு இல்லீங்க. உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகை லிஸ்ட்டு."

மூன்று நாள் விடாமல் அண்ணன் எங்கே என்றே என்னைக் கேட்டார். மூன்றாம் நாள் என் மனைவி, "தோ, வரப்புல நிக்கிறாரே, அவருதாம்மா" என்று கைகாட்டிவிட்டாள். மகராசி.

வரப்பிலேயே விசாரணை தொடங்கியது.

"கெணறு யாருதுங்க?"

"எனக்கும் எந்தம்பிக்கும்."

"தம்பி எங்க?"

"அவன் ஊர்ல இல்லீங்க" என்றார் அண்ணன். குடையோடு நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தார். காய் பிடிக்க வேண்டிய விழுது மண்ணில் இறங்காமலே கருகியிருந்தது. இன்னும் இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் இரண்டு குடும்பத்துக்கும் அந்த வருஷம் ஒன்றுமில்லை.

"கெணத்துல தண்ணி இருக்கு. மோட்டார் இருக்கு. மல்லாட்ட காயுது. பாசன வசதி உண்டுன்னு எழுதட்டா, இல்லைன்னு எழுதட்டா? ரெண்டு பேரும் சேந்து சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குடைக்கம்பியை எண்ணினேன். பிறகு அவர் மெதுவாக இடுப்பில் கைவிட்டு...

"டேய்! இன்னும் எவ்ளோ நேரம்டா கத வுடுவ? கரண்ட்டு வந்துடுச்சு, மோட்டாரு போட்டுட்டேன். மடைய திருப்ப வாடா!"

அண்ணன்தான், இத்தனை வருஷம் கழித்தும் அதே கிணற்றடியிலிருந்து. போகிறேன்.