புளி போட்டு மினுக்கிய வாள்

டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு ஜெர்மன் அம்மா தனியாக இருந்தார். அவருடைய தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளை என் கணவர்தான் படியேற்றிக் கொடுப்பார். முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, தன் வீட்டிலிருந்து விரும்பிய ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி அந்த அம்மா சொன்னார். அங்கே நல்ல தையல் மெஷின் ஒன்று இருந்தது. நான் கண்ணால் சாடை காட்டினேன். என் கணவர் அதற்கு மேலே சுவரில் தொங்கிய வாளைக் கை காட்டினார்.

அது ஜப்பானியக் குறுவாள். அந்த அம்மாவின் கணவர் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்தாராம். ஒரு முழத்திலும் கொஞ்சம் நீளம். கறுப்பு அரக்குப் பூசிய உறை. பிடியில் பட்டுக்கயிறு குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருந்தது. கயிற்றுக்கு அடியில் இரு பக்கமும் சின்னச் சின்ன உலோக நண்டுகள் பதுங்கியிருந்தன. பிடிக்கும் அலகுக்கும் நடுவில், கையைக் காக்க ஒரு வட்டத் தகடு. கன்னங்கரேலென்ற அந்தத் தகட்டில் அலை செதுக்கி, அலைக்குள் ஒரு பொன் நண்டு வைத்திருந்தார்கள். தையல் மெஷினை மறக்க முடியாவிட்டாலும், அந்த நண்டு எனக்குப் பிடித்திருந்தது.

வாள் எங்கள் சோபாவுக்கு மேலே ஏறியது. களஞ்சியத்தில் பாரந்தூக்கி ஓட்டும் என் கணவர், வேலை விட்டு வந்ததும் அதன் கீழே நிமிர்ந்து உட்காரப் பழகினார். முதலில் வருகிறவர்களுக்கு அது 'ஜப்பான் கத்தி'யாக இருந்தது. தைப்பொங்கலுக்குள் ஒரு சாமுராயின் வாளானது. சித்திரை வருஷத்துக்கு வந்தவர்களிடம், அரச குடும்பத்துக்குக் காவல் நின்றவனின் வாள் என்றார். எந்த அரச குடும்பம் என்று யாரும் கேட்கவில்லை. தேநீர் குடிக்க வந்தவர்கள் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள்.

கேட்கக்கூடிய ஒருவர் ஒருநாள் வந்தார். எங்கள் ஊர்த் தமிழ் மன்றத்தின் தலைவர். உலகத்தில் எந்தப் பொருளைக் காட்டினாலும் அது தமிழனிடமிருந்து போனது என்று நிறுவக்கூடியவர்; ஒரு முறை எங்கள் சமையலறைக் குழாயைக்கூட விடவில்லை. வாளைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தகட்டைக் கண்ணருகே பிடித்தார்.

"தம்பி, இஞ்சை பாரும். இது என்ன எழுத்து?"

என் கணவர் பார்த்துவிட்டு, அலை போலக் கிடக்குது அண்ணை என்றார்.

"அலையில்லை. ழகரம். ஊத்தை மூடிக் கிடக்கிறதாலை உமக்குத் தெரியேல்லை."

சோழர் கப்பலில் போன எங்கள் கொல்லர்கள்தான் ஜப்பானியருக்கு வாள் அடிக்கப் பழக்கியதாகவும், அதற்கு இதுவரை ஒரே ஒரு சான்றுதான் கிடைக்காமல் இருந்ததாகவும் அவர் விளக்கினார். அந்தச் சான்று எங்கள் சோபாவுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்ததாம். இதைப் பற்றி மன்றத்தில் ஓர் உரை ஆற்றப்போவதாகச் சொல்லி, இரண்டாவது தேநீரும் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது, குசினித் தொட்டியில் தகடும் நண்டுகளும் தனித்தனியாகக் கழன்று கிடந்தன. என் கணவர் குத்துவிளக்கு விளக்குவதுபோலப் பழப்புளியும் உப்பும் போட்டு அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கறுப்பாக ஓடியது. ஓட ஓட அவர் முகம் மலர்ந்தது. கடைசியில் தகடு புதுச் செம்புச் சட்டி மாதிரிப் பளபளத்தது. எழுத்து மட்டும் வரவில்லை. ழகரம் இருந்த இடத்தில் நண்டின் ஒரு கால் வளைந்து கிடந்தது.

தலைவர் தளரவில்லை. ஒரு நிபுணர் பார்த்தால்தான் தெரியும் என்றார். ட்யூஸல்டோர்ஃபில் ஜப்பானியப் பழம்பொருட்களை மதிப்பிடுகிறவர் ஒருவரைச் சந்திக்க Termin எடுத்தோம். வாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மூவரும் போனோம். நிபுணர் ஜப்பானியர் அல்ல, வயதான ஜெர்மானியர் என்று கண்டதுமே தலைவருக்கு அவர்மீது நம்பிக்கை குறைந்துவிட்டது.

நிபுணர் கையுறை போட்டு அலகைப் பார்த்தார். சாதாரணமானது, இப்படி நிறைய இருக்கின்றன என்றார். பிறகு தகட்டை எடுத்தார். அவருடைய கை அப்படியே நின்றது. இது கறுப்பாக இருந்ததா என்று மெதுவாகக் கேட்டார். ஓம், சரியான ஊத்தையாக இருந்தது என்று என் கணவர் நல்ல ஜெர்மனில் சொல்லி, புளி போட்ட விதத்தையும் விவரித்தார். புளி என்பது என்ன என்று நான் விளக்க வேண்டியிருந்தது.

நிபுணர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அது அழுக்கு அல்ல என்றார். செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்து, மருந்துநீரில் பதப்படுத்தி அந்தக் கறுப்பை வருவித்திருக்கிறார்கள். பொன் நண்டு தெரிவதற்காகவே கடலைக் கறுப்பாக்கியிருக்கிறார்கள். இந்த வாளில் பெறுமதியானது அந்தக் கறுப்புத்தான். இனி எதுவும் செய்யாதீர்கள், தொடாமல் வையுங்கள் என்று, மரணவீட்டில் பேசுவதுபோல எங்களிடம் சொன்னார். தலைவர், தான் பார்க்க மட்டுமே சொன்னதாக எனக்குக் கேட்கும்படி தமிழில் முணுமுணுத்தார்.

திரும்பி வரும் வழி முழுக்க என் கணவர் லொறிகளுக்குப் பின்னாலேயே மெதுவாகக் கார் ஓட்டினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புளி வாங்கியவளும் நான்தான்.

உரை நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மண்டபம் நிறைந்த கூட்டத்தில், ஜப்பானிய வாளொன்றில் இருந்த தமிழெழுத்தைத் தன் கண்ணாலேயே கண்டதாகவும், ஆராய்ச்சிக்கு எடுப்பதற்குள் அது அழிக்கப்பட்டுவிட்டதாகவும் தலைவர் குரல் தழுதழுக்கச் சொன்னார். அழித்தது யார் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். வரலாறு அவர்களை மன்னிக்காது என்று தலைவர் பதில் சொன்னார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. முன்வரிசையில் இருந்த என் கணவரும் எழுந்து நின்று தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், இவ்வளவையும் கேட்டுக்கொண்டு எப்படி இருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்:

"அவர் என்ரை பேரைச் சொல்லேல்லைத்தானே. நல்ல மனுசன்."