சுப்புவுக்குக் கிடைத்த எஞ்சின்

போன வாரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் வாங்கினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். ஐம்பதை நெருங்கும்போது முழங்கால் சில கோரிக்கைகளை வைக்கத் தொடங்கும். பாட்டிலை ஸ்கூட்டரின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வந்தேன். மூடியைச் சரியாக மூடவில்லை போலிருக்கிறது. தம்பானூர் சிக்னலில் நிற்கும்போது எண்ணெய் சொட்டுச் சொட்டாகச் சூடான சைலன்ஸர்மேல் விழுந்து புகைந்தது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் மலையாளத்தில் கூப்பிட்டு எச்சரித்தார். நான் இறங்கிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை நன்றாக இழுத்தேன். பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை, எல்லாரும் ஹார்ன் அடித்த பிறகுதான் கிளம்பினேன்.

உங்களுக்கு அது பேதி மருந்து வாசனை. எனக்கு அது பந்தய வாசனை. கார்ட் என்று ஒரு வண்டி உண்டு, பார்த்திருப்பீர்கள். நாலு சின்னச் சக்கரம், இரும்புக் குழாயில் ஒரு சட்டம், ஓட்டுபவரின் விலாப்பக்கம் ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சின், அவ்வளவுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. அந்த எஞ்சினுக்கு ஊற்றும் பந்தய எண்ணெயில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். பந்தயம் முடிந்து வந்தால் சட்டை, தலைமுடி, டிபன் பாக்ஸ் எல்லாவற்றிலும் அதுதான். அம்மா எங்கள் ஸ்ரீவராகம் வீட்டு வாசலிலேயே என்னை நிறுத்திவிடுவாள். "அப்படியே கொல்லப்பக்கமா போயிடு. யாருக்குடா மருந்து குடுத்துட்டு வரே?" என்பாள். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மகன், சனி ஞாயிறானால் இப்படி ஆகிவிடுகிறானே என்று அவளுக்குக் கவலை.

எங்கள் அணி என்பது மூன்று பேர். சுப்பு என்கிற சுப்பிரமணி என்னோடு இன்ஜினீயரிங் படித்தவன். அவனுடைய குடும்பத்துக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை, பூர்வீகம் நாஞ்சில் நாடு. கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில் ஒரு மூலைதான் எங்கள் பட்டறை. பத்மா இரண்டு தெரு தள்ளி இருந்த ஜவுளிக்கடைக்காரர் மகள், எங்களைவிட நாலைந்து வயது சின்னவள், வண்டி ஓட்டுபவள் அவள்தான். நான் சட்டம் பார்ப்பவன். குழாயை எங்கே வளைக்க வேண்டும், எங்கே இறுக்கம் வேண்டும், எங்கே கொஞ்சம் நெகிழ வேண்டும் என்று அலுவலகத்தில் மீட்டிங் நடக்கும்போது காகிதத்தில் வரைந்துகொண்டிருப்பேன். அந்தச் சட்டத்தின்மேல் எனக்கு இருந்த கர்வத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். வளைவில் அந்த வண்டி திரும்புவதைப் போல வேறு எதுவும் திரும்பாது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் சட்டம் நாம் செய்துகொள்ளலாம், எஞ்சினை நாம் செய்ய முடியாது. அதைப் பிரித்து, குடைந்து, பந்தயத்துக்குத் தயார் செய்து வாடகைக்குக் கொடுப்பவர்கள் தனி ஆட்கள். யாரிடம் எஞ்சின் எடுக்கிறாய் என்று சொல், நீ எத்தனாவது வருவாய் என்று நான் சொல்கிறேன் என்பதுதான் அன்றைய நிலைமை. எங்களுக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் கோவைக்காரர். அவருடைய எஞ்சின்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். அதனால் அவரிடம் ஏகப்பட்ட அணிகள். நல்லதை நல்ல அணிக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார் என்று பேச்சு. இன்னொருவர் நாகர்கோவில் செல்லையா அண்ணாச்சி. மீன்பிடிப் படகுகளின் எஞ்சினைப் பழுதுபார்ப்பவர். பந்தயத்தில் ஆசை வந்து புதிதாக இறங்கியிருந்தார். அவருக்கு எங்களைத் தவிர வேறு அணி கிடையாது. "தம்பி, எனக்கு ஒரே வண்டி உங்க வண்டிதான். உங்க சட்டத்துக்குத் தக்கன எஞ்சின செஞ்சு தாறேன்" என்றார். என் சட்டத்துக்குத் தக்கபடி என்று ஒருவர் சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன். அங்கேயே விழுந்துவிட்டேன்.

சுப்பு விழவில்லை. "அஞ்சாவது எஞ்சின் கிட்டினாலும் அது கோவைக்காரரு எஞ்சினாக்கும், மக்கா" என்றான். பெரிய கடையில் ஐந்தாவது வாடிக்கையாளனாக நிற்பதா, சின்னக் கடையில் ஒரே வாடிக்கையாளனாக உட்காருவதா. இன்றைக்கும் டி.வி.யில் ஓடும் பெரிய பெரிய பந்தய அணிகளெல்லாம் கோடிகளை வைத்துக்கொண்டு இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கின்றன. நாங்கள் இரண்டு வாரம் சண்டை போட்டோம். கடைசியில் சுப்பு, பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றான்.

வெள்ளைப் பூவை ஒரு வாழையிலையிலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது. அவர்கள் வீட்டில் கல்யாணம் முதல் கடைக்குக் கிளை திறப்பதுவரை எல்லாமே அப்படித்தான். எஞ்சினுக்குப் பூக்கட்டிப் பார்த்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வெள்ளை என்றால் நாகர்கோவில், சிவப்பு என்றால் கோவை. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூஜை செய்யும் போற்றி, இது எதற்கென்று தெரியாமலே ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை. அந்த நிமிஷம் எனக்கு வந்த பக்தியைப் போல அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சுப்பு பிரசாதத்தை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டான். மறுவாரம் கோவைக்குப் போய்த் தனியாக ஒரு எஞ்சினுக்குப் பேசிவிட்டு வந்தான். வாழ்க்கை முழுக்கப் பூவை நம்பியவன் மீறினான், நம்பாத நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படித்தான் பிரிந்தோம். அவன் வெளியில் ஒரு சட்டம் வாங்கி, கொல்லத்திலிருந்து ஒரு பையனை ஓட்ட வைத்து, புது அணி ஆனான். பத்மா என்னோடு இருந்தாள். கிடங்கு மூலையையும் எனக்கே விட்டுக்கொடுத்தான், அந்த அளவுக்கு நல்லவன். அவன் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் ஒரு விசேஷம். கோயம்புத்தூரில் நடக்கும் பந்தயங்களில் மொத்தப் புள்ளியில் முதல் இரண்டு இடம் வருபவர்களைச் சென்னையில் பெரிய பந்தயக் கார் ஓட்ட அழைப்பார்கள் என்று அறிவித்திருந்தார்கள். பத்மாவுக்கு அது ஒன்றுதான் குறி. இந்த ஒரு சீசன் மட்டும் பார்க்கிறேன், இல்லாவிட்டால் கடையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

முதல் பந்தயத்திலேயே தெரிந்துவிட்டது. வளைவில் பத்மா சுப்புவின் வண்டியை உள்பக்கமாகப் புகுந்து தாண்டுவாள். அடுத்த நேர்ப்பாதையில் அது அவளைத் தாண்டிப் போய்விடும். மறுபடி வளைவு, மறுபடி அவள் முன்னே. மறுபடி நேர்ப்பாதை. கடைசிக் கோடு இருந்தது நேர்ப்பாதையில். அண்ணாச்சியின் எஞ்சின் வளைவிலிருந்து பிரமாதமாக இழுக்கும். எவ்வளவு சுமையானாலும் இழுக்கும், வலையைக்கூட இழுக்கும். பறக்கத்தான் தெரியாது. படகு எஞ்சினோடு வாழ்ந்தவரின் கை அதில் இருந்தது.

பத்மா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "அண்ணே, வண்டி நல்லாட்டு இருக்கு. நேர்ல போகும்போ எஞ்சினுக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

அண்ணாச்சி அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டே, "அடுத்த ரேஸுல பாரு மோளே, மூச்சு விடாம ஓடும்" என்றார். ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதையே சொன்னார். அவர்மேல் கோபப்படவும் முடியாது. வீட்டிலிருந்து மீன்குழம்பு கொண்டுவருவார், எனக்கென்று தனியாக அவியல்.

சுப்புவின் எஞ்சின் சத்தத்தை எப்படிச் சொல்வது. நேர்ப்பாதையின் முடிவில் மற்ற எஞ்சின்களெல்லாம் கத்தி முடித்து ஓய்ந்துவிடும். அது அதற்கு மேலும் ஒரு கட்டை ஏறும். அந்த ஏற்றத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தைகள் இருக்கலாம், எரிந்ததென்னவோ வயிறுதான். சாப்பாட்டு இடைவேளையில் ஸ்பானர் இரவல் கேட்கும் சாக்கில் அவன் கூடாரத்துக்குப் போவேன். என்னைக் கண்டதும் சுப்பு தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து எஞ்சின்மேல் போட்டுவிடுவான். "தூசி விழும், அதாக்கும்" என்பான். பிறகு மரியாதையாக நான் கேட்ட ஸ்பானரைத் துடைத்துக் கொடுப்பான். எனக்குத் தேவையே இல்லாத ஸ்பானர்களைத் தூக்கிக்கொண்டு எத்தனை முறை திரும்பி நடந்திருக்கிறேன். துணியை விலக்கி ஒரே ஒரு தடவை உள்ளே பார்க்க விட்டால் மாச சம்பளத்தையே கொடுத்திருப்பேன்.

பாதி சீசனில் பத்மா நாலாவது இடத்தில் இருந்தாள். நான் கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கோவைக்காரரின் பட்டறைக்கே போனேன். வெள்ளைச் சட்டை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமான தரை. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். "இந்த சீசனுக்கு எல்லாம் குடுத்தாச்சுங்க. உங்க சுப்பு வந்தப்பவே நீங்களும் சேர்ந்து வந்திருக்கலாமுங்க. ரெண்டு பேர் ஒரே அணியா இருந்திருந்தா நல்லதாவே இன்னொண்ணு குடுத்திருப்பேன்" என்றார். அந்தக் காபி ரொம்ப நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் சுப்புவின் கொல்லத்துப் பையன் துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். செய்தி கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பத்மா என்னைத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த காபிக்கடைக்கு வரச் சொன்னாள். தோசை வந்தது, ஆறியது.

"அண்ணே, சுப்பண்ணன் கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல்ல."

"சொல்லிட வேண்டியதுதானே."

"நீங்க வேண்டாம்னு சொன்னா போகமாட்டேன்."

அதுதான் பெரிய கொடுமை. திட்டிவிட்டுப் போயிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். "எனக்கென்ன பத்மா, நீ சென்னைக்குப் போகணும், அதுதான் முக்கியம்" என்று ஒரு பெரிய மனுஷனைப் போலச் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். எழுந்து போகும்போது என் பங்கு தோசையையும் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சுப்புவின் வண்டியை முதல்முதலாக ஓட்டிப் பார்த்த நாளில் நான் போயிருக்கவே கூடாது. போனேன். வேலிக்கு வெளியே நின்றேன். சில சுற்றுகள் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினாள், ஹெல்மெட்டைக் கழற்றினாள், சிரித்தாள். சத்தம் போட்டு, வாய்விட்டு, ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தாள். இரண்டு வருஷம் என் வண்டியை ஓட்டியிருக்கிறாள். நல்லாட்டு இருக்கு என்று சொல்லியிருக்கிறாள், நன்றி சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை. ஜெயித்தது, தோற்றது எல்லாம் மறந்துபோயிற்று. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் கெடும்.

மிச்சப் பந்தயங்களில் இரண்டை ஜெயித்து மொத்தத்தில் இரண்டாவதாக வந்தாள். சென்னைக்குப் போனாள், சில வருஷம் பெரிய கார் ஓட்டினாள், பிறகு அங்கேயே ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பவளாக ஆகிவிட்டாள். நான் அந்த சீசனோடு பந்தயத்தை விட்டேன். என் சட்டம் கொஞ்ச நாள் கிடங்கில் கிடந்து, பிறகு பழைய இரும்போடு போயிற்று. கிடங்கு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி ஜவுளிக்கடை. செல்லையா அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார், கோவைக்காரரின் பட்டறையையும் மூடிவிட்டார்கள். இப்போது போட்டி நடத்துபவர்களே எல்லாருக்கும் ஒரே எஞ்சினைக் கொடுத்து, முத்திரையும் வைத்துவிடுகிறார்களாம். யாரிடம் எஞ்சின் எடுக்கலாம் என்று சண்டை போட்டுப் பிரிய இன்றைய பிள்ளைகளுக்கு வழியே இல்லை.

விளக்கெண்ணெய் சொட்டிய அன்று மாலை பத்மாவுக்குப் போன் செய்தேன். இத்தனை வருஷம் கேட்க நினைத்த ஒன்றைக் கேட்டேன். என் வண்டியில் அந்த எஞ்சின் இருந்திருந்தால்?

அவள் நிஜமாகவே யோசித்தாள். "தெரியல்லண்ணே. அந்த எஞ்சின் இருந்தா எந்த வண்டியும் நல்ல வண்டிதான்."

முழங்கால் வலி என்று ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினேன். வைத்துவிட்டு நேராக சுப்புவைக் கூப்பிட்டேன். நாங்கள் பேசிக்கொள்வோம், கல்யாணங்களில் பார்த்துக்கொள்வோம், எஞ்சினைப் பற்றி மட்டும் பேசியதே இல்லை. வாடகை எஞ்சின்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அப்படிப்பட்ட ஒன்றை எவனாவது திருப்பிக் கொடுப்பானா, விலை பேசி வாங்கியிருப்பான், இன்றைக்கும் அவன் வீட்டுப் பரண்மேல் துணி சுற்றி இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த எஞ்சின் எங்கடா?"

"எந்த எஞ்சின்? ஓ, அதா. அடுத்த வருஷமே அவரு திருப்பி வாங்கிட்டாரு, மக்கா. நான் அழுது பாத்தேன். வேற ஒண்ணு தந்தாரு, அது ஓடவே இல்ல. அதோட நானும் நிறுத்திட்டேன்."

"அத யாருக்குக் குடுத்தாரு?"

"மதுரைப் பக்கம் ஒரு பையன். பேரு மறந்துபோச்சு. அந்த வருஷம் அவந்தான் எல்லா ரேஸும் அடிச்சான்."

சுப்புவின்மேல் இத்தனை வருஷம் இருந்த எரிச்சல் அந்த நிமிஷமே அடங்கிவிட்டது. பாவம், அவனும் என்னைப் போலத்தான் என்று தோன்றியது. போனை வைத்த பிறகு இருட்டும்வரை வெளி அறையில் உட்கார்ந்து, பேரும் முகமும் தெரியாத அந்த மதுரைக்காரனை நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லா ரேஸையுமா அடித்தான், படுபாவி.