பத்தாவது தட்டு

இருசம்மாளைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அவள் என் தம்பி பாவாடையின் மனைவி. தம்பி பெண்டாட்டியைப் பற்றி நாத்தனாரிடம் வந்து கேட்பதே தப்பு. ஆனாலும் இதை நான்தான் சொல்லியாக வேண்டும். நடந்ததில் பாதிக்கு மேல் என் தப்பு.

என் பெயர் பச்சையம்மாள். வடக்கனந்தலில் அங்கன்வாடியில் வேலை. கட்டினவன் கல்யாணமான மூன்றாம் வருடமே இன்னொருத்தியோடு பெங்களூருக்குப் போய்விட்டான். தாலி கழுத்தில் இருக்கிறது, ஆள்தான் இல்லை. குழந்தையும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தவள், அப்படியே இருந்துவிட்டேன்.

பாவாடை கரும்பு ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் வரப்பில் ஏறிய டிராக்டர் சரிந்து அவன் வலது கால் நசுங்கியது. அதற்குப் பிறகு கம்பு ஊன்றித்தான் நடை. என் சம்பளத்தில் அரிசி வாங்கலாம், வைத்தியம் பார்க்க முடியாது. இருசு மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினாள். அவள் மகள் சுபஸ்ரீக்கு அப்போது நாலு வயது.

"ரெண்டே வருசம் அண்ணி. கொயந்தைய பாத்துக்கோங்க" என்றாள், பஸ் ஏறும்போது. ரெண்டு வருடம் பன்னிரண்டு வருடமாயிற்று.

சுபா என்னை அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். ஆறு மாதம் அப்படித்தான் கூப்பிட்டாள். ஒருநாள் காய்ச்சலில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றாள். நான் திருத்தவில்லை. பிள்ளையில்லாமல் காய்ந்து கிடந்தவளிடம் போய் ஏன் திருத்தவில்லை என்று கேட்டால் என்ன சொல்ல?

ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் இருசு வருவாள். சுபா என் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். "யாரு வந்துகிறாங்க பாரு" என்றால் "மஸ்கட்டுக்காரங்க" என்பாள். எல்லோரும் சிரிப்போம். இருசுவும் சிரிப்பாள். பிறகு குளிக்கப் போகிறேன் என்று போய், வாளி நிரம்பி வழிந்தும் குழாயை மூடாமல் உள்ளேயே இருப்பாள். எனக்குத் தெரியாமல் இல்லை, தெரியும்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். இருசு வேலை செய்த வீடு இங்கிலீஷ்காரக் குடும்பம். அங்கே ஒரு பையன், சுபாவைவிட ஒரு வயது சின்னவன். பாலைக் கொடுத்துத் தூங்க வைப்பதிலிருந்து பள்ளிக்கூடம் கிளப்புவது வரை அவள் பொறுப்பு. ஒரு கிறிஸ்துமஸ் அன்றைக்கு அந்த வீட்டம்மா எடுத்த போட்டோவை இருசு எனக்கு அனுப்பியிருந்தாள். மேசையில் ஒரு கண்ணாடித் தட்டு, அதில் புட்டு உதிர்த்துப் போட்ட மாதிரி ஒரு பலகாரம், பேர் கிரம்பிள் என்று எழுதியிருந்தாள். இருசு அந்தப் பையனுக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருக்கிறாள். பையன் வாயெல்லாம் மாவு. இருசு முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

சுபாவுக்கு அப்போது ஒன்பது வயது. அதை அவளிடம் காட்டியிருக்கவே கூடாது. காட்டினேன். வேண்டுமென்றே காட்டினேன், போதுமா? அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்கு நீதாம்மா அம்மா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

இருசு ஆறு வருடத்துக்கு முன் ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். பதினாறு வயதுப் பெண் அவளை அம்மா என்றும் கூப்பிடவில்லை, பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. சண்டையும் போடவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது ஒரு வழி பிறந்திருக்கும். "சாப்பாடு ஆறுதுன்னு அவங்ககிட்ட சொல்லும்மா" என்று என்னிடம் சொல்வாள். அந்த 'அவங்க' ரெண்டு அடி தள்ளி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்.

போன ஆவணியில் சுபாவைக் களமருதூரில் செழியனுக்குக் கட்டிக் கொடுத்தோம். நெல் வயல் உள்ள குடும்பம், நல்ல பையன். பொங்கல் வந்தது. தலைப்பொங்கலுக்குப் பெண் வீட்டிலிருந்து வரிசை போக வேண்டுமே. போகி அன்றைக்குக் கொண்டு போய் வைத்து, அங்கேயே மத்தியானச் சாப்பாடு என்று பேச்சு.

போகிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது இருசு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, சுபாவுக்கு எந்தப் பழம் புடிக்கும்?"

பெற்றவள் கேட்கிற கேள்வியா இது? ஆப்பிள் என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. சொல்கிறேனே, நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

"கொய்யாதான். அதுவும் பயுத்தது ஆவாது. செங்காயா இருக்கணும். உப்பும் மொளகாத்தூளும் தொட்டுக்கினு திம்பா."

"உப்பு, மொளகாத்தூளா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் கல்வராயன் மலையிலிருந்து கொய்யா கொண்டுவரும் வண்டிக்காரரிடம் அரை மணி நேரம் பொறுக்கி நாலு கிலோ வாங்கி வந்தாள். மலையில் விளைந்த சாமையும் ஒரு படி வாங்கி மாவாக்கினாள். சாயங்காலம் கொல்லையில் விறகு அடுப்பை மூட்டி, பெரிய குண்டானில் நாலு விரற்கடை மணலைக் கொட்டினாள்.

"இன்னாடி பண்ற? மண்ண வறுத்தா சீரு குடுக்கப் போற?"

"கிரம்பிள் அண்ணி. அங்க ஓவன்ல செய்வேன். இங்க ஏது ஓவன்?"

பேரைக் கேட்டதுமே எனக்கு எது என்று புரிந்துவிட்டது. அந்தப் போட்டோ. 'அடிப்பாவி, போயும் போயும் இதையா செய்வாய்' என்று வாய் வரைக்கும் வந்தது. சுபா அந்தப் போட்டோவைப் பார்த்த கதை இவளுக்குத் தெரியாது. சொன்னால் நான் காட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

கோபத்தோடுதான் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஆனாலும் வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாமை மாவும் கொஞ்சம் மைதாவும் கலந்து, கட்டி வெண்ணெயைப் போட்டு, விரல் நுனியால் மட்டும் தேய்த்தாள். உள்ளங்கை பட்டால் சூட்டுக்கு வெண்ணெய் உருகி மாவு பிசைந்த மாதிரி ஆகிவிடுமாம். நடுநடுவே கையைப் பானைத் தண்ணீரில் முக்கித் துடைத்துக்கொண்டாள். மாவு உதிர் உதிராக வந்ததும் வெல்லத்தூளைத் தூவினாள். கொய்யாவை விதை நீக்கித் துண்டு போட்டு, வெல்லம் பிசிறி, அதோடு உப்பு, கடைசியாக ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். பழத்தைத் தட்டில் பரப்பி, மேலே உதிர் மாவு. அழுத்தவே கூடாதாம், தூவிவிட்டு விட்டுவிட வேண்டுமாம். மணல் மேல் ஒரு இரும்பு வளையம் வைத்து, அதன் மேல் தட்டு, மூடி, மூடி மேல் அள்ளிய தணல்.

அது வேகிற வரைக்கும் குந்தின இடத்தை விட்டு அவள் நகரவில்லை.

"ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் செய்வேன் அண்ணி. அந்தப் புள்ள வாயத் தொறக்கும். நா கண்ண மூடிக்கினு ஊட்டுவேன்."

"கண்ண ஏன் மூடுற?"

"தொறந்தா அது சுபா இல்லன்னு தெரிஞ்சிடுமே."

நான் அடுப்பில் இல்லாத விறகைத் தள்ளினேன். வேறு என்ன செய்ய? போட்டோவில் இவள் கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. சிரிப்பில் மூடியிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

மூடியைத் திறந்ததும் வெல்லம் காய்ந்த வாசனை தெருவரைக்கும் போனது. மேல் மாவு பொன்னிறத்தில், ஓரத்தில் கொய்யாச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு துணுக்கு கேட்டேன். தரவில்லை. "சுபா மொதல்ல சாப்புடட்டும் அண்ணி" என்றாள். அந்த இடத்தில் எனக்கு மறுபடி எரிச்சல் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் வரிசைத் தட்டுகளை நான்தான் அடுக்கினேன். புதுப்பானை மஞ்சள் கொத்தோடு ஒன்று, பச்சரிசி, வெல்லம், பருப்பு, புடவை வேட்டி, தேங்காய், பழம், பூ, வெற்றிலை பாக்கு. ஒன்பது. வரிசை என்றால் ஒற்றைப்படையில்தான் போக வேண்டும், இது எங்கள் ஊர்ச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இருசு தன் தட்டை வெள்ளைத் துணியால் மூடிப் பத்தாவதாகக் கொண்டுவந்து வைத்தாள். பன்னிரண்டு வருடம் அடுத்தவர் வீட்டுப் பண்டிகையே கொண்டாடியவளுக்கு இது மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. அப்போதே சொல்லி, ஒரு தட்டில் கல்கண்டு வைத்துப் பதினொன்றாக்கியிருக்கலாம். சொல்லவில்லை. சபையில் அவளாகவே தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

குட்டியானை வண்டியில் கரும்புக் கட்டோடு தெருப் பெண்கள் எட்டு பேரும் நாங்களும் ஏறினோம். களமருதூர் போகிறவரைக்கும் அவள் அந்தத் தட்டை மடியிலேயே வைத்திருந்தாள். சூடு ஆறிவிடக் கூடாதாம். ராத்திரியே ஆறிப்போனதை யார் அவளிடம் சொல்வது?

சம்பந்தி வீட்டு வாசலில் கூட்டம். ஆளுக்கொரு தட்டாக எடுத்துக்கொண்டு வரிசையாக நின்றோம். கம்பு ஊன்றி நின்ற பாவாடையை விட்டுவிட்டு, அவர்கள் பக்கத்துக் கிழவர் ஒருவர் விரலை நீட்டி எண்ணினார்.

"இன்னாங்க இது, பத்து வருது? தலப்பொங்க வரிசைய ரெட்டப்படையிலயா எடுத்தாருவாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இருசுவைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"அது வரிசை இல்லீங்க, சும்மா பலகாரம்" என்றேன். "இருசு, அத வண்டியிலயே வெச்சிட்டு வா."

நான் சொன்னது அவ்வளவுதான். அவள் தட்டோடு திரும்பி வண்டியை நோக்கி நடந்தாள். ஜெயித்துவிட்டேன், ஆனால் அவள் முதுகைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அதற்குள் சுபா வாசல்படி இறங்கி வந்துவிட்டாள். நேராக வண்டிக்குப் போய்த் துணியை விலக்கினாள். பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதின்மூன்று வருடமாக மறக்காமல் வைத்திருக்கிறாள், பாருங்கள்.

"இது அந்தப் பையனுக்குச் செய்யறது தானே?" என்றாள். என்னிடம் இல்லை, இருசுவிடம்.

இருசு தலையை ஆட்டினாள். சுபா ஓரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள். மென்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"கொய்யாவா? இன்னா இது, ஒறைக்குது?"

"மொளகாத்தூளு போட்டேன்."

"அவனுக்கும் இப்டித்தான் போடுவியா?"

"இல்ல. அவன் காரமே தின்ன மாட்டான். இது மட்டுந்தான் இப்டி."

'போடுவியா' என்றாள் சுபா. எப்போதும் 'அவங்க' என்றே பேசியவள், இருசுவை நேராக நீ என்று கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கவனித்தேன். இருசுவும் கவனித்திருக்க வேண்டும்.

சுபா விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். சரி, போச்சு, கதவைச் சாத்திக்கொண்டு அழப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு நிமிடத்தில் கையில் எவர்சில்வர் தட்டோடு திரும்பி வந்தாள். அதில் ஒரு கைப்பிடி கல்லுப்பு.

"தாத்தா, இப்ப எண்ணுங்க" என்றாள் அந்தக் கிழவரிடம். "பதினொன்னு."

"அடடே, எங்க ஊட்டு மருமவளே வரிசை எடுத்துக்கினு வருதே!" என்று அவள் மாமியார் சிரித்தாள். கூட்டமே சிரித்தது.

சுபா வண்டிப் பக்கம் போய் நின்றாள். "அம்மா, வா" என்றாள்.

பதினெட்டு வருடப் பழக்கம். நான் காலை எடுத்து வைத்துவிட்டேன். ஒரு அடி வைத்த பிறகுதான் பார்த்தேன், அவள் கூப்பிட்டது இருசுவை.

எடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பொறாமைதான், வேறு பெயர் வைக்க மாட்டேன். இருசு நகரவே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள், போகலாமா என்று கேட்கிற மாதிரி. சொந்த மகள் கூப்பிட்டதற்கு என்னிடம் உத்தரவு கேட்கிறாள், பைத்தியக்காரி.

"ஒன்னத்தான்டி கூப்புடறா" என்றேன். எடுத்த காலைப் பின்னால் வைத்து அவளுக்கு வழிவிட்டேன். "போ இருசு. ஒன் பொண்ணு நிக்கிறா."