கணினி ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள்

பழைய கணினி பழுதுபார்க்கிற வேலையில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கரண்டு வருதா?" பட்டனை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்த உங்களுக்கு என் கஷ்டம் புரியும். மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் இருபது வருடமாக இந்த மாதிரிப் பெட்டிகளைத்தான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக் கடையில்

கோலா கிளாவாங்கில் பாய் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. மலைப்பாதையில் ஒரு மணி நேரம் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போனேன். பெட்டியில் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. மூடியைக் கழற்றி, ரொட்டிக்கல் எண்ணெய் படிந்த தூசியைத் துடைத்தேன். ரேமைக் கழற்றி மாட்டினேன். பவர் சப்ளை போய்விட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்று தீர்ப்பும் சொன்னேன்.

பாய் எனக்காக ஆற்றிய தே தாரிக் டீயை மேசையில் வைத்தார். பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, இங்க ஒரு சுவிட்ச் இருக்கே, அது எதுக்குலா?"

முனியம்மாவின் பெயர்

பெடாஸ் பக்கத்தில் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர். அவர் வேலை பார்த்த தோட்டப் பள்ளி இப்போது இல்லை. மூடுவதற்கு முன்பே பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, தன் கணினியில் வைத்திருந்தார். பதிவேடு பிறகு தொலைந்துபோனது.

நான் போனபோது அவர் வீட்டில் முனியம்மா என்ற பெண் காத்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தும் பிறப்புச் சூரா, அதாவது பிறப்புச் சான்றிதழ், இல்லாததால் இன்னும் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி அட்டைதான், குடியுரிமை கிடைக்கவில்லை. அந்தப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தால் மனுவோடு ஓர் ஆதாரம் வைக்கலாம்.

கணினியைப் போட்டேன். உள்ளே காற்றாடி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. மதர்போர்டில் நாலைந்து கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்திருந்தன. "இது இனி ஓடாது, சார்" என்றேன். முனியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "உக்காருங்கம்மா, பெட்டிதான் போச்சு" என்று சொல்லி, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என் லேப்டாப்பில் சொருகினேன். அது முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது. ஆசிரியர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். முனியம்மா, தகப்பனார் அங்கப்பன், பிறந்த இடம் இதே தோட்டம்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்து முனியம்மா மனு போட்டார். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வரியை என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "நான் இங்கதான் பொறந்தேன்னு எனக்குத் தெரியும்மா. அவங்களுக்கும் தெரியட்டும்."

கடவுச்சொல்

லோரி ஓட்டுநர் ஒருவர் பழைய கணினியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். மகனுடையது. நீலாய் தொழிற்சாலையில் வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது விபத்தில் போய்விட்டானாம். ஆறு வருடமாக யாரும் தொடவில்லை; இப்போது போட்டுப் பார்த்தால் ஓடவில்லை.

பவர் சப்ளையையும் உள்ளே இருந்த சின்ன பேட்டரியையும் மாற்றினேன். ஓடியது. திரையில் அந்தப் பையன் படம் வந்தது, கீழே கடவுச்சொல் கேட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடவுச்சொல் இல்லாமலே என்னால தொறக்க முடியும், அண்ணே" என்றேன்.

அவர் என் கையை மௌசிலிருந்து மெல்ல நகர்த்தினார். "வேணாம்மா. அவன் பூட்டிட்டுப் போனத நான் எதுக்குத் தொறக்கணும்? படம் வருதுல்ல, அது போதும்."

இத்தனை வருடத்தில் கணினி ஓடவில்லை என்று என்னைக் கூப்பிட்டவர்களில், கணினிக்காக மட்டும் கூப்பிட்டவர்கள் ரொம்பக் குறைவு. நான்தான் ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூடிரைவரோடு நின்றேன்.