கனடாவுக்கு அனுப்பிய குரல்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்து நானும் அம்மாவும் இருந்தோம். யாழ்ப்பாணத்து வீட்டைச் சண்டைக்குள் விட்டுவிட்டு வந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த இடம் அது. தம்பி எங்களோடு வரவில்லை. அதற்கு முந்தின வருடம் ரியூசனுக்கென்று வெளிக்கிட்டவன் திரும்பவே இல்லை. யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. அக்கா கல்யாணம் முடித்துக் கனடாவில் இருந்தாள்.

நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கொம்பனியில் வேலை செய்தேன். காலையில் போனால் இருட்டுகிற நேரத்தில்தான் அறைக்கு வருவேன். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. ஒருமுறை சந்தைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் மறித்து வெகுநேரம் வெயிலில் நிற்பாட்டி வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் தனியே வாசல் படலையைத் தாண்டவில்லை.

வீட்டுக்காரம்மாவின் ஹோலில் இருந்த ரெலிபோனுக்கு அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பாள். ஒருநாள், "பிள்ளையளுக்கு எங்கட பரம்பரை ஒண்டும் தெரியாமல் போகப்போகுது. அம்மாவைத் தேவாரம் பாடச் சொல்லி ஒரு கசெற்றில பதிஞ்சு அனுப்பு. பிட்டு அவிக்கிற விதத்தையும் சொல்லச் சொல்லு" என்றாள்.

அம்மாவிடம் சொன்னேன்.

"அவை அங்க பிட்டு அவிக்கப் போகினமே?" என்று சிரித்தார். ஆனாலும் நான் நீட்டிய ரெக்கோடரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எந்தப் பட்டன்களைச் சேர்த்து அமத்த வேண்டும் என்று காட்டிவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன்.

"பாடியாச்சோ?" என்று பின்னேரம் கேட்டால், "இண்டைக்குத் தொண்டை சரியில்லை" என்பார். இப்படியே பல நாட்கள் போயின. பிறகு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கேயே உயிர் பிரிந்து அம்மா மோசம் போய்விட்டார். அக்காவால் வர முடியவில்லை. கனத்தைச் சுடலைக்கு வந்தவர்கள் ஒரு வான் வண்டிக்குள் அடங்கிவிட்டார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகுதான் அந்தக் கசெற்றைப் போட்டுக் கேட்டேன். அம்மா தேவாரம் பாடியிருந்தார். நடுவில் இருமல் வந்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கியிருந்தார். பாட்டு முடிந்தது. நிற்பாட்டத் தெரியாமல் விட்டிருக்க வேண்டும். கடற்கரையால் ரயில் போகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அம்மா கதைக்கத் தொடங்கினார்.

"சைக்கிளை மழைக்குள்ள விட்டிட்டுப் போயிட்டாய். செயின் துருப்பிடிச்சுப் போச்சு. இப்ப ஆர் எண்ணெய் விடுறது? கொக்கா அங்க கனடாவில, சின்னக்கா வேலைக்குப் போயிட்டாள். நான் ஒருத்தி இதுக்குள்ள என்ன செய்யிறது, சொல்லு பாப்பம்."

தம்பியோடுதான் கதைத்தார். ஏசினார், சமாதானம் செய்தார், அவன் ஏதோ பகிடி விட்டதுபோலச் சிரித்தார். நாடா முடியும் வரை அப்படித்தான். நான் அலுவலகத்தில் இருந்த பகல்களில் அம்மா இந்த அறையில் என்ன செய்தார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அக்காவிடம் சொன்னேன்.

"தேவாரத்தை மட்டும் அனுப்பு. மற்றது வேண்டாம். அப்பிடி ஒரு மாமா இருந்தவர் எண்டு பிள்ளையளுக்கு நான் இன்னும் சொல்லேல்ல."

காலி வீதியில் கசெற் பதிந்து கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. மாளிகாவத்தையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் மனிதர் அதை நடத்தினார். இரண்டு கசெற் போடக்கூடிய பெரிய மெஷினில் என்னுடையதைப் போட்டு ஓடவிட்டார்.

"எந்த எடத்துல வெட்டணும், மிஸ்?"

"பாட்டு முடிஞ்சவுடன."

இருமல் வந்த இடத்தில் அவர் என்னைப் பார்த்தார். "ஒங்கட உம்மாவா?"

"ஓம். போன மாசம் மோசம் போயிட்டா."

அவர் எழும்பினார். நிற்பாட்டும் பட்டனைக் காட்டி, "நான் வெளிய நிக்கிறேன். நீங்களே பாத்து நிப்பாட்டுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பாட்டு முடிந்தது. பட்டனில் விரலை வைத்தேன். இந்தத் தேவாரத்தை உலகத்தில் எந்தக் கோயிலிலும் யாராவது பாடிக்கொண்டுதான் இருப்பார்கள். தம்பி என்று ஒருவன் எங்கள் வீட்டில் இருந்ததை நானும் அக்காவும் போன பிறகு யார் சொல்வது? ரயில் சத்தம் வந்தது. அம்மா வாயைத் திறந்தார். நான் விரலை எடுத்துவிட்டேன்.

முழுவதும் பதிந்து, அப்படியே தபாலில் சேர்த்தேன். சொன்னதை மீறி அனுப்பியிருக்கிறேன் என்று அக்காவுக்குத் தெரிந்தால் ஏசுவாள் என்று நினைத்தேன். பல ஞாயிறுகள் அவள் எடுக்கவே இல்லை. ஹோலில் பேப்பர் படிப்பதுபோல இருந்து பார்த்துவிட்டு அறைக்குத் திரும்புவேன். அந்த ஞாயிறுகளில் நான் யாரோடும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு ரெலிபோன் அடித்தது. எடுத்தேன். அக்கா இல்லை, அவளுடைய மூத்த மகள். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடித் தமிழ் கதைத்தாள்.

"சின்னம்மா, அம்மா ரூமுக்குள்ள அழுறா. நான் கசெற் கேட்டனான். அம்மம்மா ஆரோட கதைக்கிறா?"

"தம்பியோ—" என்று தொடங்கித் தடுமாறி, "தன்ர மகனோட. உங்கட மாமா" என்றேன்.

"மாமாக்கு என்ன பேர்?"

வீட்டுக்காரம்மா அடுப்படியில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்காக நானும் அம்மாவும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்ட பெயரை, அந்த ஹோலில் நின்று, கொஞ்சம் உரத்துச் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.