பூபாலன் கண்டுபிடித்த காரணம்

மேனாம்பேட்டில் பூபாலனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் மொய்க்கு முன்னால் ஒரு குறை வந்து சேரும். மணவறை வாசலுக்கு நேராக இல்லை, நாலு விரல் இடது பக்கம் தள்ளியிருக்கிறது என்பார். டேப் வைத்துப் பார்த்தால் நாலு விரல்தான் இருக்கும். அதனாலேயே அவரை ஒருத்தருக்கும் பிடிக்காது. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்த மனுஷன். தோசையின் கனத்தைப் பற்றித் தினமும் தீர்ப்பு கேட்கும் அவர் மனைவி வனஜா, "ஊர்ல கீற கோணல் அல்லாம் இவருக்குத் தெரியும்" என்பாள். மீதியைச் சொல்லமாட்டாள்.

ஓய்வு பெற்றபின் அவரை வீட்டில் வைத்துச் சமாளிக்கும் கொடுமை வனஜாவுக்கு நேரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் குணசேகரன் என்ற முதலாளி வேலை கொடுத்துவிட்டார். ஸ்கூட்டருக்கு நட்டு போல்ட்டு செய்துகொண்டிருந்த குணசேகரன், இப்போது முழங்கால் மாற்று ஆபரேஷனில் டாக்டருக்கு வழிகாட்டும் கருவி செய்கிறார். நாட்டில் நட்டை விட முழங்கால் சீக்கிரம் தேய்கிறது என்பது அவர் கணக்கு.

கருவி இதுதான்: டாக்டர் கையில் பிடிக்க ஒரு கூர்முனைக் கம்பி, அதன் பின்னால் கோலிக்குண்டு அளவில் நாலு சாம்பல் நிறப் பந்துகள். ஒரு கேமரா அந்தப் பந்துகளைப் பார்த்து, முனை எலும்பில் எந்த இடத்தில் நிற்கிறது என்று திரையில் காட்டும். திரை சொல்வது நிஜமா என்று பார்ப்பது பூபாலன் வேலை. இடம் துல்லியமாகத் தெரிந்த இருபது குழிகள் கொண்ட ஓர் இரும்புக் கட்டை அவரிடம் உண்டு. ஒவ்வொரு குழியிலும் முனையை வைத்துத் திரையைப் பார்ப்பார். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் கருவி வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் யாரோ ஒருவர் கால் கோணலாகி ஆயுசுக்கும் சாய்ந்து நடப்பார்.

கம்பியை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். 'பந்துகளைத் தொடாதீர்' என்று சுவரில் எழுதி ஒட்டியதும் அவர்தான்.

ஆயுத பூஜை வரைக்கும் விலகல் அரை மில்லிமீட்டருக்குள்தான் இருந்தது. பூஜை முடிந்து திங்கட்கிழமை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய மூன்று. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். பூபாலன் வெளியே போகும் லாரிகளைச் சந்தேகப்பட்டார், ஏசியைச் சந்தேகப்பட்டார், கேமரா நிற்கும் ஸ்டாண்டை மூன்று தரம் முறுக்கினார். கடைசியில் சௌம்யாவிடம் வந்து நின்றார்.

சௌம்யா முகப்பேரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். கேமரா பார்ப்பதை இடமாக மாற்றிச் சொல்லும் ப்ரோகிராம் அவள் எழுதியது. அவளுக்கு இது முதல் வேலை, வீடும் அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

"பூஜைக்கு முன்னாடி எதையோ மாத்தினியேம்மா?"

"அதை எடுத்துட்டு பழசையே போட்டுப் பாத்துட்டேன் சார். அப்பவும் மூணுதான் வருது."

"அப்போ பழசுலயும் தப்பு கீது."

அவ்வளவுதான் விசாரணை. அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'ப்ரோகிராம் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்குக் காட்ட ஒரு தலை வேண்டியிருந்த குணசேகரனும், "இந்த வாரத்தோட நின்னுக்கோம்மா" என்று சொல்லிவிட்டார். அவள் மிச்சமிருந்த நாட்களில் தன் ப்ரோகிராமை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் பூபாலன், முனை வளைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம் என்று லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தார். சந்தன வாசனை அடித்தது. அன்று அவர் நெற்றியில் எதுவும் இல்லை. பந்தை நகத்தால் லேசாகச் சுரண்டினார். வெளுத்த செதில் ஒன்று உதிர்ந்தது. நாலு பந்திலும் உதிர்ந்தது.

யார் வைத்தது என்று தேட வேண்டியதில்லை. பூஜையன்று கருவிக்குப் பொட்டு வைக்க இன்னொருவரை அவர் விட்டிருந்தால்தானே? குங்குமம் கறையாகிவிடும் என்று வெறும் சந்தனம். முகத்தில்தானே பொட்டு வைக்க வேண்டும் என்று கேமராவைப் பார்த்த பக்கமாகப் பார்த்து வைத்திருக்கிறார். காய்ந்தபின் சாம்பல் பந்தில் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை, கேமராவைத் தவிர. பாதி மறைந்த பந்தின் நடு அதற்குத் தள்ளித் தெரிந்திருக்கிறது. சுவரில் எழுதி ஒட்டியிருக்கும்போது துடைக்கத்தான் யாருக்குத் தைரியம் வரும்?

ஈரத்துணியால் துடைத்து அளந்தார். அரை மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை, கருவியும் சரியாகிவிட்டது. வெளியே போய் ஒரு டீ குடித்தார். திரும்பி வந்து, உட்கார முடியாமல் மறுபடி போய் இன்னொரு டீ குடித்தார். அப்புறம்தான் சௌம்யாவைக் கூட்டிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்று உண்மையைச் சொன்னார்.

குணசேகரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "தொடச்சிட்டீங்கள்ல? அப்பறம் இன்னாத்துக்கு சார் எழுதிகினு? பொட்டு வெச்சோம்னு குடுத்தா ஆஸ்பத்திரிக்காரங்க சிரிக்க மாட்டாங்களா? இந்தப் பொண்ணு சின்ன வயசு, வேற வேலை கெடைக்கும்."

"பொட்டு வெச்சது நானு. வேலை போறது இந்தப் பொண்ணுக்கா?" என்றார் பூபாலன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பழக்கம் அவருக்கு ஒரு மதியத்துக்கு மேல் ஒத்துவரவில்லை.

சௌம்யா அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. நேரே கருவியிடம் போனாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

"இன்னொரு வாட்டி வைங்க சார்."

"இன்னாத்த?"

"சந்தனம். ஒரே ஒரு பந்துல."

சாமி படத்தடியில் மிச்சமிருந்ததைக் குழைத்து வைத்தார். அவரே முனையைக் குழியில் வைக்க, அவள் திரையைப் பார்த்தாள். விலகல் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியது.

"பந்துல பாதி மறைஞ்சிருக்கு, என் ப்ரோகிராம் வாயே திறக்கல. ஆபரேஷன்ல ரத்தம் தெறிக்கும் சார். பந்து சரியாத் தெரியலைன்னா அது அங்கேயே நிக்கணும். நான் அதை எழுதல. இதையும் காரணத்துல போடுங்க."

"ஏம்மா, உம் மேல கீற பழி இப்பதான் போச்சு, சும்மா இரேன்!" என்று குணசேகரன் கெஞ்சினார்.

"பழிதான் போச்சு சார். தப்பு அப்படியே இருக்கு."

பூபாலன் இரண்டு காரணத்தையும் எழுதினார். ஆஸ்பத்திரிக்காரர்கள் வருகை பத்து நாள் தள்ளிப்போயிற்று. இதைச் சரிசெய்ய வேறு ஆளில்லாத காரணத்தால் குணசேகரன் பெரிய மனசு பண்ணி சௌம்யாவை வேலையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் புது ப்ரோகிராமோடு அவள் வந்தபோது பூபாலன் கம்பியை எடுத்துக் கட்டையின் மேல் பிடித்தார். குழியில் வைக்காமல் நிறுத்தினார்.

"உன்னப் பத்தி எழுதும்போது ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. என்னப் பத்திச் சொல்ல ரெண்டு டீ ஆச்சு. நீ யோசிக்கவே இல்லியேம்மா" என்றார். அவளிடம் கம்பியை நீட்டினார். "நீ வை. நான் எழுதிக்கறேன்."

அவள் வாங்கிக்கொண்டு, "முதல் குழி சார்" என்றாள். பூபாலன் நோட்டைத் திறந்து, அவள் சொன்ன அளவைக் கேட்டு எழுதினார்.